விண்மீனுக்கும் பெரியோருக்கும் ஒரே சொல்

தஞ்சை மாவட்டத்தின் நெல்வயல்கள் முடிந்து உப்பளங்கள் தொடங்கும் கடற்கரையில், பட்டுக்கோட்டைக்குத் தென்கிழக்கே அமைந்த பழைய ஊர் அதிராம்பட்டினம். அலை ஓங்காத பாக் நீரிணைக் கடல், அதன் ஓரமாக முத்துப்பேட்டைப் பக்கம் நீளும் அலையாத்திக் காடு, தெருக்களில் பள்ளிவாசல்களும் கோயில்களும் என்று விளங்கும் இவ்வூரில், சுந்தரநாயகி அம்பாளுடன் அபயவரதீஸ்வரர் எழுந்தருளியிருக்கிறார். இருபத்தேழு நட்சத்திரங்களுள் திருவாதிரைக்கு உரிய தலமாக இதனைப் பக்தர்கள் போற்றுகின்றனர். அசுரர்களுக்கு அஞ்சி வந்த தேவர்களுக்கு இறைவன் அபயம் அளித்த இடம் என்பது தல வரலாறு. திருவாதிரையில் பிறந்தவர்கள் வாழ்நாளில் ஒருமுறையேனும் இங்கு வந்து வழிபட வேண்டும் என்று பெரியோர் சொல்லி வந்திருக்கின்றனர்.

ஊர்ப்பெயருக்கு இரண்டு விளக்கங்கள் வழங்குகின்றன. திருவாதிரைப் பட்டினம் என்பதே நாளடைவில் அதிராம்பட்டினம் என மருவியது என்பது ஒன்று. தென்காசிப் பாண்டியருள் புகழ்பெற்ற அதிவீரராம பாண்டியரின் பெயரால் ‘அதிவீரராமன் பட்டினம்’ என்று ஆகி, அதுவே பின்னர்ச் சுருங்கியது என்பது மற்றொன்று. முதல் விளக்கத்தின்படி ஊருக்குப் பெயர் தந்தது ஒரு விண்மீன். இரண்டாவதன்படி ஒரு மன்னர். எது சரி என்று வழக்காடுவோர் வழக்காடட்டும். விண்மீன், புகழ்மிக்க மனிதர் ஆகிய இருவரையும் ஒரே சொல்லால் குறிக்கும் வசதி ஆங்கில மொழியில் உண்டு. அந்தச் சொல் ‘லூமினரி’.

இக்காலத்தில் கும்பாபிஷேகப் பத்திரிகைகளும் விழா மலர்களும் தமிழிலும் ஆங்கிலத்திலுமாக அச்சாகின்றன. தமிழ்ப் பக்கத்தில் ‘முக்கியப் பிரமுகர்கள்’ என்றிருக்கும் இடத்திற்கு நேராக, ஆங்கிலப் பக்கத்தில் ‘லூமினரீஸ்’ என்று போட்டுவிடுகிறார்கள். பதவியில் இருப்பவர், பெருந்தொகை அளித்தவர், மேடையில் பொன்னாடை பெறுபவர் எல்லோரும் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றனர். கேட்பதற்குக் கம்பீரமான சொல்தான். ஆனால் அதன் பொருள் பிரமுகர் அன்று. அதை அறிந்தால், அச்சிடுமுன் சற்றுக் கை தயங்கும்.

இலத்தீன் மொழியில் ‘லூமென்’ என்றால் ஒளி. அதிலிருந்து பிறந்தது, ஒளி தருவது என்னும் பொருளுடைய ‘லூமினாரே’. விளக்கு, தீப்பந்தம், வானத்துச் சுடர் ஆகிய மூன்றையும் அது குறித்தது. பழைய பிரெஞ்சு மொழி வழியாக 15ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஆங்கிலத்துக்குள் நுழைந்தபோதும் அதன் பொருள் விளக்கு, ஒளி தருவது என்பதே. மனிதரைக் குறிக்கும் வழக்கு அடுத்தபடியாக வந்தது. அதிலும் கவனிக்கத்தக்க செய்தி ஒன்று உண்டு. அக்கால ஆங்கிலத்தில் இச்சொல் முதலில் சுட்டியது செல்வரையோ அதிகாரம் உடையவரையோ அன்று; பிறருக்கு ஆன்மிக ஒளியாக, தூய வாழ்வுக்கு எடுத்துக்காட்டாக நின்றவரை. வெறுமனே ‘புகழ்பெற்றவர்’ என்னும் பொருள் 1690களில்தான் பதிவாகிறது. அடியாரைக் குறித்த சொல் மெல்ல மெல்லப் படியிறங்கி, அழைப்பிதழில் பெயர் தடித்த எழுத்தில் வருபவரைக் குறிக்கத் தொடங்கிவிட்டது. மொழிகளில் இது புதிதன்று. ‘நாற்றம்’ என்ற நல்ல சொல்லுக்குத் தமிழில் நேர்ந்ததைப் பெரியவர்கள் அறிவார்கள்.

‘லூமென்’ என்ற மூலச்சொல்லைப் பார்க்க இலத்தீன் அகராதியைத் தேட வேண்டியதில்லை. வீட்டுக்கு வாங்கும் எல்.இ.டி. விளக்கின் அட்டைப்பெட்டியிலேயே அது அச்சாகியிருக்கிறது. அதில் இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று வாட், அந்த விளக்கு எவ்வளவு மின்சாரத்தை எடுத்துக்கொள்கிறது என்பதன் அளவு. மற்றொன்று லூமென், எவ்வளவு ஒளியைத் தருகிறது என்பதன் அளவு. முன்பு வீடுகளில் தொங்கிய 60 வாட் குண்டு பல்பு தந்த ஒளியை இப்போது 9 வாட் எல்.இ.டி. விளக்கு தந்துவிடுகிறது. குண்டு பல்பு எடுத்துக்கொண்டதில் பெரும்பகுதி வெப்பமாகவே போயிற்று. தொட்டால் கை சுடும். பழக்கத்தின் காரணமாக இன்றும் கடையில் ‘எத்தனை வாட்’ என்றே கேட்கிறோம். மனிதரை மதிப்பிடும்போதும் பெரும்பாலும் அப்படித்தான் நடக்கிறது. அவருக்காக எத்தனை நாற்காலிகள் ஒதுக்கப்பட்டன, எத்தனை வண்டிகள் வந்தன என்று எண்ணுவது வாட் கணக்கு. அவரால் எத்தனை பேருக்கு வழி தெரிந்தது என்பதை மட்டுமே ‘லூமினரி’ என்ற சொல் கேட்கிறது.

வானத்துச் சுடர்களுள் ஆங்கிலத்தார் இப்பெயரைச் சிறப்பாக வழங்குவது சூரியனுக்கும் சந்திரனுக்கும். அவர்களுடைய சோதிட நூல்கள் இவ்விருவரையும் ‘இரு லூமினரிகள்’ என்றே தனியாகப் பிரித்துப் பேசும். சைவ மரபில் இவ்விருவரும் சிவபெருமானுடைய அஷ்டமூர்த்தங்களுள் இரண்டு. ஐம்பூதங்கள், சூரியன், சந்திரன், ஆன்மா என்ற எட்டு வடிவங்களில் இறைவன் உலகமாக நிற்கிறான் என்பது கொள்கை. அக்கினியோடு சேர்த்து இவ்விருவரும் முக்கண்களாகவும் ஆவர்.

இங்கே ஒரு கேள்வி எழும். சூரியனுக்குச் சொந்த ஒளி உண்டு. சந்திரனுக்கு இல்லை, கதிரவனிடம் பெற்றதையே அது திருப்பித் தருகிறது. 499ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட ஆரியபட்டரின் நூலே இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. அப்படியிருக்க, அதையும் ‘ஒளி தருவது’ என்னும் சொல்லுக்குள் எப்படிச் சேர்த்தார்கள்? இருட்டில் நடப்பவனுக்கு வழி தெரிகிறதா என்பதே கேள்வி; ஒளி சொந்தமானதா, வாங்கியதா என்பது அவனுக்கு ஒரு பொருட்டன்று.

இதற்குக் காவிரிக்கரையிலேயே ஒரு சான்று இருக்கிறது. திருவையாற்றை அடுத்த திங்களூர், நவக்கிரகத் தலங்களுள் சந்திரனுக்கு உரியது. பெயரிலேயே திங்கள் இருக்கிறது. அங்கு வாழ்ந்தவர் அப்பூதியடிகள். திருநாவுக்கரசர் பெருமானை அவர் அதுவரை கண்ணால் கண்டதில்லை; அவருடைய பெருமையைக் கேட்டிருந்தார், அவ்வளவே. அது போதுமானதாக இருந்தது. தம் பிள்ளைகளுக்கு மூத்த திருநாவுக்கரசு, இளைய திருநாவுக்கரசு என்று பெயர் வைத்தார். பசுக்களுக்கும், வீட்டின் அளவைகளுக்கும் அதே பெயர். வழிப்போக்கர்களின் தாகம் தீர்க்க அவர் அமைத்த தண்ணீர்ப் பந்தலிலும் ‘திருநாவுக்கரசு’ என்றே எழுதியிருந்தார். தம் செலவில், தம் உழைப்பில் செய்த அறம் எதிலும் தம் பெயரை அவர் போட்டுக்கொள்ளவில்லை. இக்காலத்தில் ஒரு குழல்விளக்கை உபயமாகக் கொடுத்துவிட்டு, அதன் மீது ஒளி வெளியே வராத அளவுக்குப் பெயரைப் பெரிதாக எழுதிவிடுவோரும் உண்டு.

அவ்வழியே வந்த அப்பர் பெருமான் அந்தப் பந்தலைக் கண்டு வியந்து, அடிகளின் இல்லத்துக்கே சென்றார். உம்முடைய பெயரை எழுதாமல் வேறொருவர் பெயரை எழுதியது எதனால் என்று வினவினார். வந்திருப்பவர் யார் என்று அறியாத அப்பூதியாருக்குக் கோபம் வந்துவிட்டது. கல்லையே தெப்பமாகக் கொண்டு கடலில் கரையேறிய பெருமானை ‘வேறொருவர்’ என்பதா! நீர் யார், சொல்லும் என்றார். அப்போது நாவுக்கரசர் தம்மை அறிமுகப்படுத்திக்கொண்ட விதத்தைச் சேக்கிழார் பாடியிருக்கிறார். பல்லவ மன்னனின் படைக்கும் யானைக்கும் நஞ்சுக்கும் அஞ்சாதவர், ஊர் ஊராக உழவாரம் ஏந்தித் தொண்டு செய்தவர், அவற்றில் ஒன்றையும் எடுத்துச் சொல்லவில்லை. சூலை நோயைத் தந்து இறைவன் ஆட்கொண்ட சிறுமையேன் என்ற பொருள்படவே பேசினார். தம் பெருமைகளை விட்டுவிட்டுத் தம் நோயைச் சொல்லி அறிமுகம் செய்துகொண்டார்.

அறுபத்துமூவர் வரிசையில் நாவுக்கரசரும் இருக்கிறார், அப்பூதியடிகளும் இருக்கிறார். ஒருவர் ஞாயிறு, மற்றவர் அவருடைய ஒளியை வாங்கித் தந்த திங்கள். இருவரையும் ஒரே வரிசையில் வைத்துத் தீபம் காட்டுவதே நம் கோயில் வழக்கம்.

அப்பர் பெருமான் தம் பதிகத்திலே போற்றிய மற்றோர் அடியார் நமிநந்தியடிகள். ஏமப்பேறூரைச் சேர்ந்தவர். திருவாரூர் அரநெறிக் கோயிலில் விளக்கேற்ற விரும்பினார். பொழுது சாய்ந்துவிட்டது, வீட்டுக்குப் போய் நெய் கொண்டுவர நேரமில்லை. அருகிலிருந்த வீட்டில் கேட்டபோது அவர்கள், கையிலே தீ ஏந்திய கடவுளுக்கு விளக்கு எதற்கு, வேண்டுமானால் தண்ணீரை ஊற்றி எரியும் என்று எள்ளினர். மனம் நொந்து நின்றவருக்கு, குளத்து நீரையே முகந்து வார்த்து ஏற்றுக என்று வானில் திருவாக்கு எழுந்தது. நீரில் திரி எரிந்தது, விடியும்வரை எரிந்தது. ‘லூமினரி’ என்பதற்குச் சொல்லோடு சொல்லாகப் பொருள் கூற வேண்டுமென்றால் இவரைத்தான் காட்ட வேண்டும். அவர் பேசியதோ எழுதியதோ ஒன்றும் இல்லை. விளக்கு ஏற்றினார். நாடெங்கும் போற்றப்பட்ட நாவுக்கரசர் அந்த விளக்குத் தொண்டரைத் தேவாரத்தில் வைத்தார்.

சோழர் காலக் கல்வெட்டுகளைப் படிப்போர் அடிக்கடி காணும் சொற்றொடர் ‘சந்திராதித்தவல்’ என்பது. சந்திரனும் ஆதித்தனும் உள்ளவரை என்று பொருள். கோயிலுக்குக் கொடுத்த அறக்கொடை எத்தனை காலம் நடக்க வேண்டும் என்று எழுதும்போது அக்காலத்தார் ஆண்டுக்கணக்கு எழுதவில்லை. அந்த இரு லூமினரிகளையே எல்லையாக வைத்தனர். அவ்வாறு அளிக்கப்பட்ட கொடைகளில் மிகுதியாகக் காணப்படுவது நந்தா விளக்கு, அதாவது அணையாமல் எரியும் விளக்கு. ஒரு விளக்குக்குப் பெரும்பாலும் 96 ஆடுகள் கொடுக்கப்பட்டன. அவற்றைப் பெற்றுக்கொண்ட இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் கோயிலுக்கு அளந்து தரவேண்டும். ஆடுகள் இறந்தாலும் கிழண்டாலும் குட்டிகள் அவற்றின் இடத்தை நிரப்பும். ஆகவே தொகை குறையாது. அதனால் அவற்றைச் ‘சாவா மூவாப் பேராடு’ என்று பொறித்தனர். கணக்கு எழுதியவர்களுக்கும் கவிதை தெரிந்திருந்தது.

தஞ்சைப் பெரிய கோயிலில் முதலாம் இராசராசன் தான் கொடுத்தவற்றையும், தன் தமக்கை கொடுத்தவற்றையும், தன் தேவியர் கொடுத்தவற்றையும், மற்றவர்கள் கொடுத்தவற்றையும் கல்லிலே வெட்டச் சொன்னான். அக்கல்வெட்டுகளிலே விளக்குக்கு நெய் அளக்க வேண்டிய இடையர்களின் பெயர்களும் இடம்பெற்றிருக்கின்றன. அரசனும் இடையரும் ஒரே கோயிற் கல்லில் இருக்கின்றனர். விளக்கைக் கொடுத்தவர் ஒருவர். நாள்தோறும் அது அணையாமல் பார்த்துக்கொண்டவர் மற்றொருவர். இவர்களுள் ஒளி தந்தவர் யார் என்று கேட்டால், பின்னவரை விட்டுவிட்டு விடை சொல்ல முடியாது.

அதிராம்பட்டினத்துக்குப் பெயர் தந்ததாகச் சொல்லப்படும் மற்றவரிடம் வருவோம். அதிவீரராம பாண்டியர் 16ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த மன்னர். அதற்கு மேலாகப் புலவர். நளன் கதையை நைடதமாகப் பாடியவர். அவர் இயற்றிய ‘வெற்றி வேற்கை’ என்னும் சிறுநூலுக்கு ‘நறுந்தொகை’ என்றும் பெயர். அந்நாளில் திண்ணைப் பள்ளியிலும் தொடக்கப் பள்ளியிலும் அதை மனப்பாடம் செய்தவர்கள் இன்றும் பலர் இருப்பார்கள். பெரியவர் யார் என்ற கேள்வி அந்நூலிலும் வருகிறது. மன்னர் அங்கே ஒளியை உவமை சொல்லவில்லை, நிழலைச் சொல்கிறார். பனையின் விதை பெரிது; அது முளைத்து வானளாவ நின்றாலும் ஒருவர் ஒதுங்க நிழல் தராது. ஆலின் விதையோ மீன்முட்டையினும் நுண்ணியது. அது மரமாகிவிட்டால் யானையும் தேரும் படையுமாக ஓர் அரசனே வந்து தங்கலாம். இவ்விரண்டையும் காட்டிவிட்டு, பெரியோராகத் தோன்றுவோர் எல்லாம் பெரியோர் அல்லர், சிறியோராகத் தோன்றுவோர் எல்லாம் சிறியோரும் அல்லர் என்னும் கருத்தை வைக்கிறார். இதைச் சொன்னவர் அரியணையில் இருந்தவர் என்பதை மறக்கக் கூடாது. அவருடைய அவையிலும் முன்வரிசை இருந்திருக்கும்.

இலத்தீன் மொழிக்காரர் குளிர்நாட்டவர் ஆகையால் ஒளியை வைத்து அளந்தார், நம்மவர் வெயில்நாட்டவர் ஆகையால் நிழலை வைத்து அளந்தார் என்று வேடிக்கையாகச் சொல்லலாம். இத்தாலியிலும் வெயில் உண்டு. ஆகவே இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அளவுகோல் இரண்டிலும் ஒன்றே. பக்கத்தில் வந்தவருக்கு என்ன கிடைத்தது என்பதே அது.

‘வி.ஐ.பி.’ என்ற சொல்லின் அளவுகோல் வேறு. ‘மிக முக்கியமான நபர்’ என்பதன் ஆங்கில முதலெழுத்துகள் அவை. 1930களில் தோன்றி, இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பரவிய புதிய சொல் அது. யாருக்கு முக்கியம், எதனால் முக்கியம் என்று அது சொல்வதில்லை. அதற்கு நாம் வைத்துக்கொண்ட ‘பிரமுகர்’ வடசொல். முன்னால் முகம் காட்டி நிற்பவர் என்பது அதன் அடிப்படை. சபையில் முன்னால் நிற்பது தலைமை. சந்நிதியில் முன்னால் நிற்பது பின்னால் இருப்பவருக்கு மறைப்பு.

இந்த மறைப்பைப் பற்றியும் நம் வரலாறு ஒன்று சொல்கிறது. வைத்தீஸ்வரன்கோயிலை அடுத்த திருப்புன்கூரில், திருநாளைப்போவார் நாயனார் வாயிலுக்கு வெளியே நின்று சிவலோகநாதரைக் காண ஏங்கினார். உள்ளே செல்ல அக்காலச் சமூகம் அவருக்கு இடம் தரவில்லை. நேரே நந்தி மறைத்தது. இறைவன் நந்தியைச் சற்று விலகியிருக்கப் பணித்தான். இன்றும் அத்தலத்தில் நந்தி நேர்கோட்டிலிருந்து விலகியிருப்பதைக் காணலாம். கயிலையில் நந்தியெம்பெருமானைவிட முக்கியமானவர் யார்? அவரே விலகினார். யாருக்காக விலகினார் என்பதையும் நினைக்க வேண்டும்.

வயதான தம்பதியர் விடியற்காலையில் வந்து, கம்பித் தடுப்புக்குள் இரண்டு மணி நேரம் நின்று, சந்நிதியை நெருங்கும் தறுவாயில் ‘கொஞ்சம் நில்லுங்கள்’ என்று நிறுத்தப்படுவது பல பெரிய கோயில்களில் நடப்பதே. திரை விலகும்போது ஆரத்தி முடிந்திருக்கும். கால் வலியைவிட அந்த ஏமாற்றமே அவர்களுக்குப் பெரிது. மறுமுறை வருவதற்கு உடல்நிலை இடம் கொடுக்குமோ என்ற எண்ணமும் அவர்களுக்கு இருக்கும். 2022ஆம் ஆண்டில் திருச்செந்தூர்க் கோயில் தொடர்பான வழக்கு ஒன்றில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, கோயிலுக்குள் கடவுள் ஒருவரே வி.ஐ.பி. என்னும் கருத்தைப் பதிவு செய்தது. நீதிமன்றம் சொல்லித்தான் இது தெரிய வேண்டுமா என்று சிலர் கேட்டனர், நியாயமான கேள்வி. முக்கியமானவர்களின் வண்டித் தலையில் சுழன்றுகொண்டிருந்த சிவப்பு விளக்குகளும் 2017ஆம் ஆண்டு மே 1ஆம் தேதி முதல் அகற்றப்பட்டன. ஆம்புலன்ஸ், தீயணைப்பு வண்டி போன்ற அவசர ஊர்திகளுக்கு மட்டும் சுழல்விளக்கு நின்றது. யாருக்கும் வழி காட்டாமல் வழியை விடச்சொன்ன விளக்கு போயிற்று. உயிர் காக்க ஓடும் விளக்கு தங்கிற்று.

பாதுகாப்புக் காரணம் உள்ளவர்களுக்குத் தனி ஏற்பாடு வேண்டாம் என்று எவரும் சொல்லமாட்டார்கள். பதவிக்கு உரிய மரியாதையும் வேண்டியதே. பரிவட்டமும் மாலையும் பூரணகும்பமும் பழைய வழக்கங்கள். ஆனால் பரிவட்டம் என்பது இறைவனுக்குச் சாத்திய வஸ்திரம். அதைத் தலையில் கட்டும்போது பெருமை எங்கிருந்து வருகிறது என்பதும் அதிலேயே இருக்கிறது. அத்தகையோரை அழைப்பிதழில் ‘சிறப்பு விருந்தினர்’ என்று போடுவதே தகும். ஆங்கிலத்தில் ‘டிக்னிட்டரி’ என்ற சொல் உண்டு. பதவியால் மதிப்புப் பெற்றவர் என்று அதற்குப் பொருள். ‘செலிப்ரிட்டி’ என்று இன்னொரு சொல் இருக்கிறது. அதன் இலத்தீன் வேர் கூட்டம் நிறைந்த இடத்தைக் குறிப்பது. யாரைச் சுற்றிக் கூட்டம் கூடுகிறதோ அவருக்கு அது பொருந்தும். ‘லூமினரி’யை இவ்விரண்டுக்கும் பதிலாகப் போட இயலாது.

ஆங்கிலத்தில் அச்சொல்லைச் சரியாக வழங்குவோர், எந்தத் துறைக்கு அவர் ஒளி என்பதையும் சேர்த்தே சொல்வார்கள். இசையுலகின் லூமினரி, மருத்துவத்தின் லூமினரி என்பது முறை. நம் நாட்டுச் செய்தித்தாள்களில் ‘லீகல் லூமினரி’ என்று பெரிய வழக்கறிஞர்களைக் குறிப்பது மிகுதி. அதற்குச் ‘சட்ட மேதை’ என்று தமிழில் எழுதுவர். ஒருவர் தம்மைத் தாமே அப்படிச் சொல்லிக்கொள்வதில்லை. பணம் உடையவர் என்ற ஒரே காரணத்துக்காகவும் அது வருவதில்லை. மறைந்தவருக்கும் சொல்லலாம்; ஒளி இன்னும் வந்துகொண்டிருந்தால் போதும். தமிழில் இதற்கு ஒற்றைச் சொல் தேடுவோர் சான்றோர், ஆன்றோர் என்பர். அவை நல்ல சொற்கள்; ஆயினும் அவற்றில் நிறைவும் அமைதியும் உண்டே தவிர, ஒளி இல்லை. ‘சுடர்’, ‘ஒளிவிளக்கு’ ஆகியவையே நெருங்கி வருவன. வீட்டுக்கு வந்த மருமகளைக் குலவிளக்கு என்றும், ஊருக்கு உழைத்தவரை ஊர்விளக்கு என்றும் சொன்ன நாடு இது. ‘லூமினரி’ என்ற சொல் அவர்களுக்கே முதலில் உரியது. ஓய்வு பெற்ற பின்பும் கோயில் மண்டபத்தில் பிள்ளைகளுக்குத் தேவாரம் சொல்லித்தரும் ஆசிரியர், மடப்பள்ளியில் நாற்பது ஆண்டு புகையில் நின்றவர், மாலைதோறும் எண்ணெய்க் கிண்ணத்தோடு பிராகாரத்தைச் சுற்றி அகல்களைத் தூண்டிவிட்டுப் போகும் அம்மாள் ஆகியோரின் பெயர்கள் எந்த அழைப்பிதழிலும் இல்லை. அடுத்த குடமுழுக்குப் பத்திரிகையில் ஒரு வரி அவர்களுக்கும் ஒதுக்கலாம். செலவு ஒன்றும் ஆகாது.

தீபாராதனையின்போது அர்ச்சகர் ஓதும் மந்திரங்களுள் ஒன்று கடோபநிஷதத்தில் வருவது. வானத்தில் ஒளிர்பவை அனைத்தையும் அது வரிசையாகப் பெயர் சொல்லி அழைக்கிறது. சூரியன், சந்திரன், விண்மீன்கள், மின்னல், அதன்பின் இந்தச் சிறு தீ. இவற்றுள் எதுவும் அங்கே தானாக ஒளிர்வதில்லை. அவன் ஒளிர்வதாலேயே யாவும் ஒளிர்கின்றன என்பது அதன் கருத்து. கற்பூரத் தட்டை ஏந்தியபடி இதைச் சொல்வதில் ஓர் அழகு உண்டு. கையிலிருக்கும் விளக்கும், வரிசையில் முன்னால் நிற்கும் லூமினரியும், பின்னால் நிற்கும் பாட்டியும் அந்த ஒரு நொடியில் ஒரே நிலையில் இருக்கின்றனர்.

அதிராம்பட்டினத்துக்கு உரிய திருவாதிரை விண்மீனைப் பற்றி ஒரு செய்தி. வானியலார் பீட்டல்ஜூஸ் என்று அழைக்கும் செந்நிற விண்மீனையே ஆதிரை என்று பொதுவாக அடையாளம் கூறுகின்றனர். 2019ஆம் ஆண்டின் இறுதியில் அது மங்கத் தொடங்கிற்று. 2020 பிப்ரவரியில் அதன் ஒளி வழக்கமானதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகிவிட்டது. விண்மீனுக்கு முடிவு வந்துவிட்டதோ என்று உலகெங்கும் பேச்சு எழுந்தது. அவ்வாண்டு ஏப்ரலுக்குள் அது பழையபடி ஒளிரலாயிற்று. விண்மீன் தன்னிடமிருந்து தானே வீசியெறிந்த பொருள் குளிர்ந்து தூசாகி, அதன் முகத்தை நம் பார்வையிலிருந்து மறைத்தது என்பது ஆராய்ந்தோர் பின்னர்த் தந்த முதன்மையான விளக்கம்.

ஆருத்திரா தரிசனத்துக்கு விடியற்காலையில் எழுபவர்கள், களியும் கூட்டும் ஆயத்தமாகும் வேளையில் மேற்கு வானத்தை ஒரு முறை பார்க்கலாம். மார்கழியில் அந்நேரத்தில் ஆதிரை அடிவானத்தை நெருங்கிக்கொண்டிருக்கும். அன்று முழுநிலவோ அதனை ஒட்டிய நிலவோ அருகில் இருப்பதால் சற்று உற்று நோக்க வேண்டும். முந்தைய மாலையில் இருட்டியபின் பார்த்தால் அதே விண்மீன் கிழக்கில் ஏறிவரும். கடல் பக்கம் மரங்கள் மறைக்காத அதிராம்பட்டினத்தில் அது செம்பொறியாகத் தெளிவாகவே தெரியும்.